வளைந்த தூண்களை நிமிர்த்தும் வகை

கல்யாண மண்டபத்தில் பின்னுக்கு நகர இடமில்லாமல் சுவரோடு சுவராக ஒட்டி நின்றுகொண்டு, இருபக்கத்து உறவினரையும் ஒரே சட்டத்துக்குள் அடக்கிவிட வேண்டும் என்ற ஆசையால் அகலக் கோண லென்ஸில் எடுத்த படத்தை, மறுநாள் காலையில் கணிப்பொறித் திரையில் பெரிதாக்கிப் பார்க்கிறவர் கண்ணில் முதலில் படுவது மணமக்களின் முகம் அன்று. ஓரத்துத் தூண்கள் பீப்பாய்ப் பலகைகளைப் போல வெளிப்புறமாக வயிறு புடைத்து நிற்கும் காட்சியே. கட்டிய கொத்தனார் மீது குற்றமில்லை. மையத்தில் ஒரு பொருளை எவ்வளவு பெரிதாகக் காட்டுகிறதோ அவ்வளவு பெரிதாக ஓரத்தில் காட்ட இயலாமல், மையத்தை விட்டு விலக விலக உருப்பெருக்கம் குறைந்துகொண்டே போவது அகலக் கோண லென்ஸ்களில் பெரும்பாலானவற்றின் சுபாவம். அதனால் படத்தின் மூலைகள் மையத்தை நோக்கி அதிகமாகவும் பக்கங்களின் நடுப்பகுதி குறைவாகவும் உள்ளே இழுக்கப்பட, நேர்கோடு வில்லாகிறது. இதைப் பீப்பாய்க் கோணல் என்று சொல்லிக்கொள்வோம். நியூரல் நெட்வொர்க் என்று வழங்கும் நரம்பு வலையின் துணைகொண்டு இக்கோணலை நிமிர்த்துவது எப்படி என்பதை, பைத்தான் மொழியில் சிறிது பழக்கமுள்ள எவரும் தம் வீட்டிலேயே செய்து பார்க்கத்தக்க வகையில் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மருந்துக்கு முன் நோயை நிர்ணயம் செய்துகொள்ள வேண்டும். படத்தில் கோணலாகத் தோன்றுவதெல்லாம் லென்ஸின் விகாரம் அன்று. மாடிக் கட்டடம் ஒன்றை அண்ணாந்து பார்த்துப் படமெடுத்தால் அதன் இரு விளிம்புகளும் மேலே போகப் போக நெருங்கிவரும். ஆனால் ஒவ்வொரு விளிம்பும் தனித்தனியே நேராகவே இருக்கும். அது தூரக்காட்சியின் விதி. அதற்கு இங்கே வைத்தியம் சொல்லவில்லை. திரையின் மேல் ஓர் அடிக்கோலை வைத்து, கதவு நிலை, ஜன்னல் கம்பி, தரை ஓட்டின் இடுக்கு இவற்றில் ஒன்றின் இரு முனைகளும் கோலைத் தொடும்படி பொருத்திப் பாருங்கள். முனைகள் தொட்டும் நடுப்பகுதி கோலை விட்டு விலகி நின்றால் அது லென்ஸின் வேலை. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: படத்தின் மையத்தின் வழியாகச் செல்லும் கோடு, பீப்பாய்க் கோணல் எவ்வளவு மிகுந்திருந்தாலும், நேராகவே தோன்றும், ஆகையால் ஓரத்துக் கோடுகளைக்கொண்டே பரீட்சிக்க வேண்டும்.

நோய் உறுதியான பிறகு கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, நரம்பு வலை நமக்கு வேண்டுமா என்பதே. காமிரா கையிலேயே இருக்குமானால் வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். 1919ஆம் ஆண்டில் கான்ராடி, லென்ஸின் வில்லைகள் ஒரே அச்சில் பொருந்தாமையால் விளையும் கோணலை ஆராய்ந்தார். 1966இல் டுவேன் பிரவுன் அதை விரித்து எழுதினார். 2000ஆம் ஆண்டில் ஜெங்யூ ஜாங், சதுரங்கக் கட்டம் அச்சிட்ட ஓர் அட்டையைப் பல சாய்வுகளில் பிடித்துப் படமெடுத்தே காமிராவின் குணதோஷங்களைக் கணக்கிடும் முறையை வெளியிட்டார். அந்த முறை ஓப்பன்சிவி என்னும் இலவச நிரல்தொகுப்பில் ஆயத்தமாகவே இருக்கிறது. பதினைந்து இருபது படங்களும் அரைமணி நேரமும் போதும். லென்ஸின் பெயர் தெரிந்திருந்தால் அவ்வளவுகூட வேண்டாம். லென்ஸ்ஃபன் என்னும் பொதுப் பட்டியலில் அதன் கோணல் ஏற்கெனவே அளந்து வைக்கப்பட்டிருக்கக்கூடும். நரம்பு வலை தேவைப்படுவது அநாதையான படங்களுக்கு: எந்தக் காமிராவில் எடுத்தது என்று எடுத்தவருக்கே மறந்துபோய், வாட்ஸ்அப்பில் பத்துக் கை மாறி, லென்ஸைப் பற்றிய குறிப்புகளெல்லாம் வழியிலேயே உதிர்ந்துபோய் நம்மிடம் வந்துசேரும் படங்களுக்கு. அங்கே படம் ஒன்றே சாட்சி. ஆயிரக்கணக்கான வளைந்த படங்களைப் பார்த்துப் பழகிய வலை, இந்தப் படம் எவ்வளவு வளைந்திருக்கிறது என்று ஊகித்துச் சொல்லவேண்டும்.

ஊகித்துச் சொன்னால் போதும். திருத்திய படத்தைத் தானே வரைந்து கொடுக்கும்படி அதை ஏவாதீர்கள். அப்படி வரைந்து கொடுக்கும் வலைகளும் உண்டு. அவை கூட்டத்தின் ஓரத்தில் நிற்கிறவருடைய முகத்தைத் தம் கற்பனையால் நிரப்பிவிட்டு ஒன்றும் அறியாதன போல் இருக்கும். வலையை நாம் சர்வேயராக மட்டும் வைத்துக்கொள்வோம். அது அளவைச் சொல்லட்டும். பிக்சல்களை நகர்த்தும் காரியத்தைப் பழைய கணிதமே செய்யட்டும்.

அந்த அளவு யாது என்பதை இனிப் பார்க்கலாம். கோணலைக் குறிக்கும் சூத்திரங்கள் பல இருப்பினும், 2001ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ ஃபிட்ஸ்கிப்பன் எடுத்துரைத்த வகுத்தல் முறை நம் காரியத்துக்கு மிகவும் ஏற்றது. ஏனெனில் லாம்டா என்னும் ஒரே எண்ணுக்குள் முழுக் கோணலும் அடங்கிவிடுகிறது. படத்தின் மையத்திலிருந்து மூலை வரையுள்ள தூரத்தை 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைந்த படத்தில் ஒரு புள்ளி மையத்திலிருந்து இருக்கும் தூரத்தைக் கோணல் தூரம் என்றும், லென்ஸ் ஒழுங்காக இருந்தால் அது இருந்திருக்கவேண்டிய தூரத்தை நேர் தூரம் என்றும் அழைப்போம். கோணல் தூரத்தின் வர்க்கத்தை லாம்டாவால் பெருக்கி, 1ஐக் கூட்டி, வந்த தொகையால் கோணல் தூரத்தை வகுத்தால் நேர் தூரம் கிடைக்கும். பீப்பாய்க் கோணலுக்கு லாம்டா குறை எண்ணாக இருக்கும். அது மைனஸ் 0.2 என்று கொண்டால், மையத்துக்கும் மூலைக்கும் நடுவழியில் 0.5 தூரத்திலுள்ள புள்ளி 0.526க்குச் செல்லவேண்டும், மூலையிலுள்ள புள்ளியோ 1.25க்குச் செல்லவேண்டும். நடுவில் இம்மியளவு நகர்ச்சி, மூலையில் கால்பங்கு நகர்ச்சி. கோணலின் குணம் முழுவதும் இவ்விரண்டு எண்களில் தெரிகிறது.

இப்போது வலைக்குப் பாடப்புத்தகம் தயாரிக்கவேண்டும். வளைந்த படங்களைத் தேடிச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் லாம்டாவை அளந்து எழுதுவது ஆயுள் முழுவதும் முடியாத வேலை. அதற்குப் பதிலாக நேரான படங்களை எடுத்து நாமே வளைத்துவிட்டால், வளைத்தவர் நாமே ஆகையால் விடை நமக்கு முன்கூட்டியே தெரியும். 2016ஆம் ஆண்டின் ஆசியக் கணினிப் பார்வை மாநாட்டில் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று இந்த யுக்தியைக் கையாண்டது. பின்வந்தவர்களில் பலரும் அந்த வழியிலேயே நடந்தனர். அறைகள், தெருக்கள், கட்டடங்கள் ஆகியவற்றின் படங்கள் பெருந்திரளாக உள்ள பிளேசஸ்365 என்னும் தொகுதியிலிருந்து எடுக்கலாம். உங்களிடமே நல்ல படங்கள் சில ஆயிரம் இருந்தால் அவையும் உதவும். கோடுகள் இல்லாத கடற்கரைப் படமும் மேகப் படமும் பெரும்பாலும் வீண். வளைப்பதற்கு, புதிய படத்தின் ஒவ்வொரு பிக்சலுக்கும் கோணல் தூரத்தைக் கண்டு, சூத்திரத்தால் நேர் தூரமாக மாற்றி, மூலப் படத்தில் அந்த ஸ்தானத்திலுள்ள நிறத்தை எடுத்துவந்து வைக்கவேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் லாம்டாவைச் சைபருக்கும் மைனஸ் 0.5க்கும் இடையில் புதிதாகக் குலுக்கி எடுத்தால், ஒரே படம் நூறு பாடங்களாகும். பத்தில் ஒன்றைச் சைபராகவே விட்டுவிடுங்கள். நேரான படத்தைக் கண்டால் சும்மா இருக்கும் அடக்கமும் வலைக்கு வேண்டுமல்லவா?

இந்த இடத்தில் நான் ஏமாந்த கதையைச் சொல்லியாகவேண்டும். முதன்முறையாக இதைச் செய்தபோது, பயிற்சி தொடங்கிய ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பிழை மளமளவென்று இறங்கிவிட்டது. நானும் கெட்டிக்காரப் பிள்ளையைப் பெற்ற தகப்பனைப் போலப் பூரித்துப்போனேன். பிறகு எங்கள் வீட்டுக் கதவை அகலக் கோணத்தில் எடுத்த படம் ஒன்றைக் கொடுத்துக் கேட்டால், கதவு நிலை கண்ணெதிரே வில்லாக வளைந்திருக்க, வலை கொஞ்சமும் கூசாமல் கோணலே இல்லை என்றது. காரணத்தைத் தேடி, நான் வளைத்து வைத்திருந்த பாடப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தபோதுதான் விளங்கிற்று. மேலே சொன்ன கணக்குப்படி மூலையிலுள்ள பிக்சல், மூலப் படத்தில் 1.25 தூரத்திலுள்ள நிறத்தைக் கேட்கிறது. அங்கே படமே இல்லை. ஆகவே கறுப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது. வளைவு கூடக் கூட இந்தக் கறுப்பு ஓரமும் தடிக்கும். வலை அந்தக் கறுப்பின் தடிப்பை அளந்தே லாம்டாவைச் சொல்லிக்கொண்டிருந்ததேயன்றி, தூண்களையோ ஜன்னல் கம்பிகளையோ ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வினாத்தாளின் ஓரத்திலேயே விடையை எழுதிவைத்துப் பரீட்சை நடத்திய வாத்தியார் நான். பையனைக் குறை சொல்லி என்ன பயன்?

பரிகாரம் எளியது. நேர் தூரத்தை அப்படியே பயன்படுத்தாமல், 1ஐயும் லாம்டாவையும் கூட்டிய தொகையால், அதாவது நம் உதாரணத்தில் 0.8ஆல், பெருக்கிக்கொள்ளுங்கள். மூலை மூலையோடு பொருந்தும். மற்ற பிக்சல்களெல்லாம் படத்துக்குள்ளேயே விழும். கறுப்பு அடியோடு மறையும். ஆனால் நடுப்பகுதி இப்போது ஒன்றேகால் மடங்கு பெரிதாக இழுக்கப்பட்டுச் சற்றே மங்கும் என்பதையும் மறக்கக்கூடாது. மங்கலின் அளவை வைத்தும் வலை திருட்டுத்தனமாக விடை கண்டுபிடிக்கும். அதனால் பெரிய படத்தில் வளைத்து முடித்துவிட்டு, அதன் பிறகே சிறிதாகக் குறுக்கவேண்டும். குறுக்கும்போது அந்தச் சுவடு கரைந்துபோகிறது. குறுக்கிய பின் சிலவற்றை ஜேபெக் முறையில் கொஞ்சம் கெடுத்துச் சேமிப்பதும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பதும், இடவலம் திருப்புவதும் நல்லது. ஓரங்களை ஒருபக்கமாக வெட்டுவது மட்டும் கூடாது. கோணலின் மையம் படத்தின் மையத்தை விட்டு நகர்ந்துவிடும். ஒரே மூலப் படத்தின் இரண்டு வளைவுகளில் ஒன்று பயிற்சியிலும் மற்றொன்று பரீட்சையிலும் இடம்பெறாதபடி, மூலப் படங்களையே முதலில் இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.

வலையைத் தேர்வதில் அதிகம் யோசிக்கவேண்டியதில்லை. 2015இல் வெளியான ரெஸ்நெட் குடும்பத்தில் இளையதான ரெஸ்நெட்-18, பயிற்சியில் திருத்தப்படும் எண்களான எடைகள் ஒரு கோடிக்குச் சற்று அதிகமாகக் கொண்டது. இமேஜ்நெட் என்னும் தொகுதியின் படங்களில் முன்பே பழகியதாக அது பைடார்ச் என்னும் பைத்தான் நிரல்தொகுப்பில் கிடைக்கிறது. ஆயிரம் வகைகளைச் சொல்லும் அதன் கடைசி அடுக்கைக் கழற்றி, ஒரே எண்ணைச் சொல்லும் அடுக்கை மாட்டினால் தீர்ந்தது. எடைகளைத் திருத்துவதற்கு ஆடம் என்னும் முறையும் 0.0001 என்னும் கற்றல் வேகமும் தொடக்கத்துக்குப் பொருந்தும்.

உள்ளே அனுப்பும் படத்தின் அளவு மட்டும் கவனத்துக்கு உரியது. லாம்டா மைனஸ் 0.05 என்ற மெல்லிய கோணலில், மேல் விளிம்பருகே ஓடும் ஒரு கோடு, 4000 பிக்சல் அகலமுள்ள படத்தில் ஏறத்தாழ நாற்பது பிக்சல் தொய்கிறது. வழக்கம்போல 224 அகலத்துக்குக் குறுக்கினால் அந்தத் தொய்வு இரண்டு பிக்சலாகச் சுருங்கிவிடுகிறது. 384 அகலமானால் மூன்றரைக்கு மேல் தேறும். ஆகையால் 384க்கு 288 என்ற அளவை வைத்துக்கொள்ளுங்கள். 4க்கு 3 என்ற விகிதம் கெடாமல் இருக்கிறதல்லவா, அதுவே முக்கியம். சதுரமாக நசுக்கினால் வட்டமாகப் பரவும் கோணல் முட்டை வடிவாகி, பிழை அங்கிருந்தே தொடங்கும்.

பிழையை எப்படி அளப்பது என்பதில் பலரும் சறுக்குகிறார்கள். வலை சொன்ன லாம்டாவுக்கும் உண்மையான லாம்டாவுக்கும் உள்ள வித்தியாசத்தையே பிழையாகக் கொள்வது இயல்பாகத் தோன்றும். ஆனால் கண்ணுக்குத் தெரிவது லாம்டா அன்று, பிக்சல் நகர்ச்சியே. மைனஸ் 0.05 இருக்கவேண்டிய இடத்தில் மைனஸ் 0.07 என்று சொன்னால் மூலை 0.023 அளவே தவறிப்போகிறது, மைனஸ் 0.40 இருக்கவேண்டிய இடத்தில் மைனஸ் 0.42 என்று சொன்னாலோ 0.057 தவறிப்போகிறது. எண்ணில் ஒரே பிழை, படத்தில் இரண்டரை மடங்கு வித்தியாசம். ஆகவே படத்தின் மேல் இருபதுக்கு இருபது புள்ளிக் கோலம் ஒன்றை மனத்தில் வரைந்துகொண்டு, உண்மையான லாம்டாவால் ஒவ்வொரு புள்ளியும் எங்கே போகிறது, வலை சொன்ன லாம்டாவால் எங்கே போகிறது என்று கண்டு, அவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தூரங்களின் சராசரியைப் பிழையாகக் கொள்ளுங்கள். சில லென்ஸ்கள் நடுவில் ஒருபுறமும் முனைகளில் மறுபுறமுமாக, முறுக்கிய மீசையைப் போல வளைப்பதுண்டு. அவற்றுக்கு ஒரு லாம்டா போதாது. ஒவ்வொரு பிக்சலின் நகர்ச்சியையும் தனித்தனியே சொல்லும் வலைகளை அங்கே நாடவேண்டும். முதல் வலையை ஓட்டிப் பழகிய பிறகு அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

லாம்டா கிடைத்த பிறகு நிமிர்த்தும் வேலை. திருத்திய படத்தின் ஒவ்வொரு பிக்சலுக்கும் நேர் தூரம் தெரியும். அதிலிருந்து கோணல் தூரத்தைக் காணவேண்டும். நேர் தூரத்தின் வர்க்கத்தை லாம்டாவாலும் நான்காலும் பெருக்கி 1இலிருந்து கழித்து, அதன் வர்க்கமூலத்தை மறுபடி 1இலிருந்து கழித்து, லாம்டாவையும் நேர் தூரத்தையும் பெருக்கியதன் இருமடங்கால் வகுத்தால் அது வரும். நம் உதாரணத்தில் நேர் தூரம் 1.25 என்று போட்டுப் பாருங்கள்: வர்க்கமூலம் 1.5, அதை 1இலிருந்து கழித்தால் மைனஸ் 0.5, வகுக்கும் எண்ணும் மைனஸ் 0.5, விடை 1. நிரலை எழுதியவுடன் இந்த ஒரு கணக்கை ஓட்டிச் சரிபார்த்துக்கொள்வது, பின்னால் ஒரு நாள் முழுதும் தலையைப் பிய்த்துக்கொள்ளாமல் காப்பாற்றும். மையத்தில் நேர் தூரம் சைபர் ஆவதால் அங்கே வகுக்க முயன்றால் நிரல் தடுமாறும். மையம் மையத்துக்கே என்று தனியாக எழுதிவிடுங்கள். இப்படிக் கண்ட இடங்களிலிருந்து நிறத்தை எடுத்துவரும் பைடார்ச்சின் கிரிட் சாம்பிள் என்னும் கருவி அகலத்தையும் உயரத்தையும் தனித்தனியே மைனஸ் 1 முதல் 1 வரை அளக்கிறது. நாமோ மூலை வரையுள்ள தூரத்தை 1 என்று கொண்டோம். இந்த இரண்டு அளவுகோல்களையும் மாற்றிக்கொள்ள மறந்தவர்களின் படத்தில் வட்டமான கடிகாரம் நீள்வட்டமாகிவிடும். சிறிய படத்தில் கண்ட லாம்டாவைக்கொண்டு முழு அளவுள்ள மூலப் படத்தையே நிமிர்த்தவேண்டும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இனி அந்தக் கல்யாணப் படத்துக்குத் திரும்புவோம். தூண்கள் நிமிர்ந்துவிட்டன, ஆனால் ஓரத்தில் நின்ற சித்தப்பாவின் முகம் பூசணிக்காயைப் போலப் பக்கவாட்டில் விரிந்திருக்கிறது. இது வலையின் பிழை அன்று. நேர்கோடுகளை நேராகவே வைத்திருக்கும் எந்தப் படமும், காமிராவின் அச்சிலிருந்து 45 பாகை விலகியுள்ள பொருளை, மையத்திலிருந்து விலகும் திசையில் இரண்டு மடங்கும் அதற்குக் குறுக்கே 1.4 மடங்கும் நீட்டியே தீரும். 60 பாகையில் அவை நான்கும் இரண்டுமாகின்றன. கோடும் முகமும் ஒருங்கே திருந்த இடமில்லை. முகங்களை மட்டும் வேறொரு விதியால் நிமிர்த்தி, பின்னணியை நேர்கோட்டு விதிக்கே விட்டு, இரண்டையும் தையல் தெரியாமல் இணைக்கும் முறையை 2019இல் சிக்ராஃப் மாநாட்டில் ஷிஹ் முதலியோர் கைத்தொலைபேசிகளுக்காக எடுத்துரைத்தனர். அவ்வளவு தூரம் போகாதவர்கள், மனிதர் நிறைந்த படமானால் லாம்டாவில் பாதியை மட்டும் பயன்படுத்திப் பார்க்கலாம். தூண் சிறிது வளைந்திருந்தால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

கடைசியாகப் பரீட்சை. 1971இல் டுவேன் பிரவுன் வெளியிட்ட கட்டுரையில், குண்டு கட்டித் தொங்கவிட்ட நூல்களைப் படமெடுத்து, அவை நேரானவை என்ற ஒரே ஆதாரத்தைக்கொண்டு லென்ஸின் கோணலை அளந்து காட்டினார். கொத்தனாரின் தூக்குக்குண்டு நம் ஊரில் எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கும். வெள்ளைச் சுவரின் முன் கறுப்பு நூல்கள் ஐந்தாறைத் தொங்கவிட்டு, ஆட்டம் நின்றபின், இரு ஓர நூல்களும் படத்தின் விளிம்பருகே விழும்படி நின்று எடுங்கள். கைத்தொலைபேசியானால் ரா என்னும் பதப்படுத்தாத கோப்பாக எடுக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். பல தொலைபேசிகள் ஜேபெக் படத்தைத் தாமே நிமிர்த்திவிட்டுத்தான் கொடுக்கின்றன. நிமிர்ந்ததை மறுபடி நிமிர்த்தினால் எதிர்ப்பக்கம் வளையும். நூல்களின் படத்தை வலையிடம் கொடுத்து, திருத்திய பிறகு ஓர நூலின் மேல்முனை, நடு, கீழ்முனை மூன்றின் பிக்சல் ஸ்தானங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். 4000 பிக்சல் அகலத்தில் நடுப்பகுதி இரு முனைகளையும் இணைக்கும் கோட்டோடு மூன்று நான்கு பிக்சலுக்குள் பொருந்தி வந்தால், கண் அதைக் கோணல் என்று சொல்லாது. பத்தைத் தாண்டினால் பாடப் படங்களைத் திறந்து, எங்கே விடை கசிகிறது என்று மறுபடியும் தேடுங்கள்.

திருத்திய படத்தை வேறு பெயரில் சேமித்து, லாம்டாவின் மதிப்பையும் அந்தப் பெயரோடு சேர்த்து எழுதிவையுங்கள். மூலப் படத்தை மட்டும் எக்காரணத்தை முன்னிட்டும் அழித்துவிடாதீர்கள்.